முனியாண்டியின் காக்கிக் கோட்டு

ஈப்போவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தீபாவளிக்காக இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். ஜன்னலைச் சாத்தியும் வாடை விடவில்லை. மற்றவர்களுக்கு இந்த வாடையில் தலை வலிக்கும். எனக்கு முனியாண்டி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது கலை வரலாறு. "அத படிச்சிட்டு எங்க வேலைக்குப் போவ?" என்று கேட்காத உறவினர் இல்லை. அம்மாதான் "டாக்டர் மாதிரி, ஆனா சிலைங்களுக்கு" என்று சமாளிப்பார். ஆனர்ஸ் கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் ஜாவா, பாலி என்று கிளம்ப, நான் பீடோருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில், குதிரைமேல் சிமெண்டு முனியாண்டி. காக்கிக் கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ், தலையில் தொப்பி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துத்தான் சாமிக்குக் காக்கி அடித்திருக்கிறார்கள் என்பது என் வாதம். அதை நம்பி இரண்டு அத்தியாயம் எழுதிவிட்டேன்.

முதல்முறை போனபோது மழை; ஒரு படமும் தேறவில்லை. மறுபடி போனேன். முனியாண்டி பளபளவென்று கிளிப்பச்சைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் தங்க நிறம்.

கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "யூனி படிப்புக்குப் படம் எடுக்க வாரேன்னு சொன்னில்ல, அதான் கமிட்டி கூடி அடிச்சோம். சாமி நல்லா தெரியணும்லா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மனைவி லெட்சுமி அக்கா பதறிப்போய்க் கோப்பி கலந்து கொண்டுவந்தார். காக்கி போன கதையைச் சொன்னேன்.

"காக்கியெல்லாம் அப்புறம் வந்தது. நான் கல்யாணமாகி வந்தப்ப நீலம்லா," என்றார் அக்கா.

"செவப்பு. எங்கப்பாதான் அடிச்சாரு," என்றார் அண்ணன்.

"உங்கப்பா அடிச்சது குதிரைக்கு."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஒருவர் மஞ்சள் என்றார். ஒரு பெரியவர் சாமிக்குக் கோட்டே கிடையாது என்று அடித்துச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன்.

கடைசியில் அண்ணன் சூடம் கொளுத்தி, சாமியிடம் அனுமதி கேட்டுவிட்டு, கோட்டின் பின்பக்கம் நகமளவு இடத்தை பிளேடால் சுரண்டினார். பச்சைக்கு அடியில் என் காக்கி. அதற்கடியில் நீலம், அப்புறம் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு. அக்கா கல்யாணமாகி வந்ததே துரைமார் கப்பலேறிய பிறகுதான்; அவருடைய நீலத்துக்கும் பிறகு அடித்தது காக்கி. என் இரண்டு அத்தியாயமும் அங்கேயே காலி. கோட்டில்லை என்ற பெரியவர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆய்வேட்டு மேற்பார்வையாளர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அந்தச் சண்டையையே எழுதச் சொன்னார். ஒரு தோட்டம் தன் சாமிக்கு மாற்றி மாற்றி உடுத்திய நிறங்களைப் பற்றி எழுதினேன். முதல் வகுப்பு கிடைத்தது. அம்மா கோயில் கமிட்டிக்கு லட்டு கொடுத்தனுப்பினார்.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். இன்று அங்கே தாமான், வரிசை வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். சனங்கள் ஈப்போ, சித்தியவான் என்று பிரிந்து போனார்கள். சிமெண்டு சிலையைப் பெயர்க்க முடியவில்லை. அது இல்லாமல் கோயில் மட்டும் ரோட்டோரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து புதுக் கருங்கல் முனியாண்டியும் வந்தார். போன மாதம் போய்க் கும்பிட்டேன். நல்ல வேலைப்பாடு, பெயிண்டே தேவையில்லை. சுற்றி நின்று சண்டை போடத்தான் ஆளில்லை.