அக்கா நடத்திய கல் பாடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவை டீச்சர் என்று அழைத்தவர்கள். மீதிப் பேருக்கு அவர் அண்ணி, பெரியம்மா. எனக்கு அக்கா. அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. எழுதத் தெரிந்தவர்கள் குடும்பத்தில் வேறு பேர் உண்டு. ஆனால் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று நடந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா பிறந்தது செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில். அப்பா கேங்மேன். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. எனக்குத் தலை பின்னிவிட்டு, அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவார். அப்படியே எஸ்.எஸ்.எல்.சி.யும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தார்.

அக்காவைக் கட்டிய மாமா கல்குவாரியில் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை தோறும் அக்காவுக்குப் பூவும் எனக்குப் பொட்டுக்கடலையும் வாங்கி வருவார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், பாறைக்கு வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்காமல் நின்றிருக்கிறது. எல்லாம் வெடித்துவிட்டது என்று நினைத்து மாமா முதல் ஆளாக இறங்கினார். அப்போது அது வெடித்துப் பாறை அவர்மேல் விழுந்தது. லாரியில் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க அக்காவை யாரும் விடவில்லை.

அதற்குப் பின்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் அந்தக் குவாரியைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்தால் அக்கா மடியைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அவருக்கு ஒரே அறை. கற்களைத் தன்மை பார்த்துப் பிரிக்கிற பாடம் ஒன்று இருந்தது. முதல் வருஷம் அதை நடத்தாமலே விட்டுவிட்டார். தலைமையாசிரியர் ஐயா கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் குப்பத்தில் சிலர் கட்டுமரத்தை விட்டுக் கல் உடைக்கப் போக ஆரம்பித்தார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது, சுற்று வட்டாரத்தில் எங்கும் கட்டட வேலை. இரண்டாம் வகுப்புக் கன்னியம்மாவின் அப்பாவும் ஒரு குவாரிக்குப் போனார். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: “அதுங்க அப்பனுங்க தினம் கையால தொடுற பொருளு. எனக்குப் பயம்னு அதுங்களுக்குச் சொல்லித் தராம இருக்க முடியுமா?”

கற்களைச் சேர்த்தது நான். ஆற்றுக் கூழாங்கல், எங்கள் பக்கத்தில் கிடைக்கும் சிவந்த செம்பூராங்கல், வெள்ளை வெங்கச்சங்கல், சிற்பிகள் கொத்திப் போட்ட கருங்கல் சில்லு, ஜல்லிக்கு உடைத்த புள்ளி போட்ட கல். பையை நானே தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

கற்களைத் தரையில் கொட்டச் சொன்னார். முதலில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, சொரசொரப்பு ஒரு பக்கம், வழவழப்பு ஒரு பக்கம் வைத்தார்கள். பிறகு கலைத்துவிட்டுக் கனம் பார்த்தார்கள். பிறகு ஆணியால் கீறினார்கள். செம்பூராங்கல்லில் பொடி உதிர்ந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் குடித்துவிட்டது, கருங்கல்மேல் வழிந்தோடியது. ஒரே கல்லை ஒருத்தி வழவழப்பில் வைத்தாள், ஒருவன் கறுப்பில் வைத்தான், சண்டை வந்தது. இரண்டுமே சரிதான், எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள் என்றார் அக்கா. இவ்வளவுக்கும் அவர் ஒரு கல்லையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கன்னியம்மா கேட்டாள். “டீச்சர், உங்க வூட்டுக்காரர் மேல வுழுந்தது இன்னா கல்லு?”

 அக்கா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு குனிந்து, புள்ளி போட்ட கல்லை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இந்த மாதிரி கல்லுதாம்மா. இதைவிடப் பெருசு.”

அவள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். ஆணியால் கீறினாள். கீறல் விழவில்லை. “கெட்டியா கீது டீச்சர்” என்று சொல்லி, கெட்டிக் கற்கள் இருந்த குவியலில் வைத்தாள். சரியாக வைத்தாய் என்றார் அக்கா.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மணலில் உட்கார்ந்து அழுதார். மாமா போனபின் என் எதிரில் அவர் அழுதது அன்றுதான். “கல்லு மேல தப்பு இல்லடி. வேட்டு எத்தினி வெடிச்சுதுன்னு யாரும் எண்ணல” என்றார்.

மறுநாள் அதையே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை வேட்டு வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்டதா என்று எண்ணாமல் இறங்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று. சில மாதம் கழித்துக் கன்னியம்மாவின் அப்பா பள்ளிக்கு வந்தார். ஒரு சத்தம் குறைந்ததாகவும், மகள் தினம் நச்சரித்ததால் தான் எண்ணிக்கொண்டிருந்ததாகவும், இறங்கப் போன இருவரைப் பிடித்து இழுத்ததாகவும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். நல்ல சேதிதான். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும்.

சென்ற வருஷம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கைவைத்தியத்தில் நாள் போய்விட்டது. அதில் என் பங்கும் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் இன்னும் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும். பள்ளியிலேயே மயங்கி விழுந்தவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மெயின் ரோடு வரை தூக்கிவந்து லாரியை நிறுத்திய குப்பத்து அண்ணன்மாருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், எனக்கு வேளாவேளைக்குக் காபி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை அக்கா என்னை லீவு லெட்டர் எழுதச் சொன்னார். எப்போது திரும்புவதாகப் போடட்டும் என்று கேட்டேன். “திங்கக்கெழம வந்துடுவேன்னு போடு” என்றார். எழுதினேன். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். ஞாயிறு காலை உயிர் பிரிந்தது.

லெட்டரைத் தலைமையாசிரியர் ஐயா சனிக்கிழமையே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருந்தாராம். திங்கட்கிழமை காலை அவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து காத்திருந்தார்கள். அங்கே போய் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போன அந்த ஐயாவுக்கு என் நன்றி. என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது.