மெதுநடைக்காரி மஹ்ஜூபா

பாட்டில் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாயின் நல்ல பின்னங்காலை மடியில் மல்லாத்திப் பிடித்திருக்கிறாள் மஹ்ஜூபா. மூடியை உள்ளங்காலில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுகிறாள். இந்தக் கால் உறுத்தினால்தான் அறுவை செய்த கால் வேலைக்கு வரும். "சொகுசா இருக்கிறவனுக்குக் கொஞ்சம் குத்தணும். அப்பதான் படுத்துக் கெடக்கிறவன் எழுந்து நிப்பான்" என்பாள்.

எல் ஜதீதா என்ற கடலோர ஊரில் அவளைவிட மெதுவாக நடக்க ஆள் கிடையாது. கழுதை வண்டி அவளை முந்தும். கைத்தடிக் கிழவர்கள் முந்தி, திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் பிழைப்பே அந்த நடைதான். எலும்பில் தகடு வைத்த நாய், வேகமாகப் போனால் மூன்று காலில் குதித்தே போய்விடும். மெதுவாக, மிக மெதுவாகக் கூட்டிப்போனால் நாலாவது காலை ஊன்றாமல் தீராது. மாலையில் பனிமூட்டத்துக்குள் அவளும் ஒரு நாயும் அலை ஓரமாகப் போவதைப் பார்த்தால், அவர்கள் நின்றுகொண்டிருப்பதாகவும் கரைதான் மெல்லப் பின்னால் நழுவுவதாகவும் தோன்றும்.

ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் வீட்டின் வெந்நீர் ஆவிக்குள் இருபது வருடம் பெண்களின் முதுகு தேய்த்த கை அவளுடையது. தொடையில் எந்தச் சதை முறுக்கிக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். நாய் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு பழைய வாடிக்கைக்காரிகள் நாய் தீட்டு என்று முகம் சுளிக்கிறார்கள்.

"நாயைத் தொட்ட கையை ஏழு தரம் கழுவினியாடி?"

"உங்க முதுகைத் தேய்ச்ச கையை எத்தனை தரம் கழுவினேன்னு கேளுங்கடி, சொல்றேன்."

இப்போது அவள் மடியில் கிடப்பது ஷஹ்பா. சாம்பல் நிற வேட்டைநாய், ஸ்லூகி ஜாதி. முயலை விரட்டும்போது கிணற்றுச் சுவரில் மோதித் தொடை எலும்பு முறிந்தது. வளர்க்கிற பூஷைப் ஒரு விவசாயி. ஸ்லூகியை நாய் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். வீட்டுக்குள் பாயில் படுக்கிற மகள் அது. அறுவைக்குப் பிறகு ஏழு வாரம் அதைத் தரையிலேயே விடவில்லை. மோர் குடிக்கவும் மூத்திரம் போகவும் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். கால் சுள்ளியாகிவிட்டது. வியாழக்கிழமைக்குள் அது தரையில் பதியாவிட்டால் காலையே வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று புதன்.

"பாசத்துல தூக்கிட்டேன், லல்லா" என்கிறார் பூஷைப். மூத்த பெண்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாசத்துலதான் காலைக் கொன்னுட்ட. அவளுக்குக் கால் இருக்கிறதே மறந்துபோச்சு. உன் தோளைத்தான் காலுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

பூஷைப் கண்ணில் பட்டாலே ஷஹ்பா அந்தக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதனால் இன்றைய கடற்கரை நடையில் அவரை நூறு அடி தள்ளி, பின்னால் வரச் சொல்லியிருக்கிறாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். வாய் மட்டும் சும்மா இல்லை.

"மூச்சு வாங்குது லல்லா அவளுக்கு! தூக்கிக்கட்டுமா?"

"தூக்கணும்னா என்னைத் தூக்கு. எனக்கும்தான் முட்டி வலிக்குது."

மஹ்ஜூபா நாயைப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. கடலைப் பார்க்கிறாள். ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. அப்புறம் ஒரு எட்டுக்கு இரண்டு மூச்சு. வார் தளர்ந்து தொங்குகிறது. ஷஹ்பா தள்ளாடுகிறது, நிற்கிறது, காற்றை முகர்கிறது. அவள் இழுக்கவில்லை. தூக்கத்தில் நடப்பவளைப்போல இன்னும் ஒரு எட்டு வைக்கிறாள். நாயும் வருகிறது.

அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறாள். ஈர மணலில் மூன்று மூன்றாகத் தடங்கள். கடைசியில் ஓரிடத்தில் மட்டும் நான்கு. குந்தி உட்கார்ந்து அந்த நாலாவது தடத்துக்குள் விரலை விட்டு ஆழம் பார்க்கிறாள். அரை நகம் அளவு.

"பூஷைப்! வா இங்க! ஓடாத, நடந்து வா!"

அவர் இன்னும் நூறு அடி தள்ளி இருக்கிறார். அதற்குள் தடத்தை அழிக்கப் பெரிய அலை ஒன்று எழும்பி வருகிறது. மஹ்ஜூபா எழுந்து தடத்தின் கடல் பக்கமாகப் போய், அங்கியை இரண்டு பக்கமும் விரித்து, கடலுக்கு முதுகு காட்டிச் சப்பணம் போட்டு உட்காருகிறாள்.