பெஞ்சின் மறுமுனை

எங்க அண்ணி பத்தாவதுக்குச் சரித்திர டீச்சர். அதே ஸ்கூல்ல நான் கணக்கு வாத்தியார். வீட்டுலயும் அவங்க அதட்டல், ஸ்டாஃப் ரூம்லயும் அவங்க அதட்டல். என் தலையெழுத்து!

இனப்படுகொலைப் பாடத்தை அவங்க செத்தவங்க எண்ணிக்கையில ஆரம்பிக்க மாட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுப்பாங்க. நீ ஜனங்களை ஏத்திட்டுப் போன லாரி டிரைவர், நீ கதவைப் பூட்டினவ, நீ காவல்காரங்களுக்குச் சமைச்சவன். அப்புறம் ஒவ்வொருத்தரா எழுப்பி, "நீ என்ன செஞ்சே?"ன்னு கேப்பாங்க. "வண்டிதான் ஓட்டினேன் டீச்சர்." "பூட்டு மட்டும்தான் போட்டேன்." எல்லாரும் சொல்லி முடிச்சதும், "அப்ப கொன்னது யாரு?"ம்பாங்க.

பிள்ளைங்க பயப்படுதுன்னு சில பெற்றோர் வந்து கத்தினாங்க. நெட்டைன்னு நாங்க கூப்பிடுற பையனோட அப்பாதான் அதுல முதல் ஆள். ஹெட்மாஸ்டர் அண்ணியைக் கூப்பிட்டு, "இதால யாருக்கு என்ன பிரயோஜனம்? இன்னொரு தடவை நடத்தினா வேற ஸ்கூல் பாத்துக்கங்க"ன்னுட்டார். அண்ணி டிபன் பாக்ஸைத் திறக்காமலே உக்காந்திருந்தாங்க.

மறுநாள் யாரோ பெரிய அதிகாரி வர்றார்னு ஒரே அமளி. பத்தாவதுல நான் கணக்கு நடத்திட்டிருக்கேன், ஹெட்மாஸ்டர் விறுவிறுன்னு உள்ளே வந்தார். கடைசி பெஞ்சுல அகதி முகாம் பிள்ளைங்க நாலு பேர்.

"இதுங்க அதிகாரி கண்ணுல பட வேணாம். பெஞ்சைத் தூக்கிப் பின்னாடி ஷெட்டுல போடுங்க. இனிமே அங்கேயே உக்காரட்டும். டேய் நெட்டை, ஒரு பக்கம் பிடி!"

நெட்டை எழுந்தான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டான்.

"மாட்டேன் சார். தூக்கிட்டு, பெஞ்சைத்தானே தூக்கினேன்னு சொல்லிக்குவேன்."

அடி சக்கை! என் தங்கமே, உன்னைப் போய் மக்குன்னு திட்டினேனே!

பக்கத்துல இருந்தவனைக் கேட்டார். அவனும் மாட்டேன்னான். முதல் பெஞ்சு வாயாடி, கேக்கறதுக்கு முன்னாடியே, "நானும்தான் சார்"ன்னா. ஹெட்மாஸ்டருக்கு ரோஷம் வந்து தானே போய் இழுத்தார். அது ரெண்டு ஆள் தூக்கற மரப் பெஞ்சு. ஒரு முனை கொஞ்சம் எழும்பி, தடால்னு விழுந்துச்சு.

"சார், நீங்களாவது அந்தப் பக்கம் பிடிங்க!"

நான் சாக்பீஸைக் கீழே வெச்சேன். "முடியாது சார்."

அவர் போயிட்டார். பெஞ்சு இருந்த இடத்துலயே இருந்துச்சு. அதிகாரி வந்தப்ப நாலு பேரும் அதுலதான் உக்காந்திருந்தாங்க. மகன் செஞ்சதைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் நெட்டையோட அப்பா மறுபடி வந்து கத்தினார். இந்தத் தடவை, அண்ணியோட பாடத்தை நிறுத்தினா நடக்கறதே வேறன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட! ஹெட்மாஸ்டர் அதுக்கப்புறம் பாடத்தை நிறுத்தற பேச்சையே எடுக்கல.

அன்னிக்கு வீட்டுக்குக் கிளம்பறப்ப பஸ் ஸ்டாப்புல அண்ணிகிட்ட கை கால் ஆட்டி எல்லாத்தையும் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு கேட்டாங்க:

"சரி தம்பி, நீங்க என்ன செஞ்சீங்க?"

"பெஞ்சைத் தூக்கல அண்ணி."