புளி போட்டுத் தேய்த்த கத்தி

மாமனாரின் இடுப்பில் அந்த மடக்குக் கத்தி இருக்கும்வரை எங்கள் வீட்டு மாடுகன்றுகளுக்கு ஆபத்து வராது என்று குடும்பத்தில் அனைவரும் நம்பினார்கள். ரஞ்சன்குடிக்கு அருகே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் காட்டை ஒட்டிய வீடு அது. நான் மருமகளாகப் போனபோது கத்திக்கு என்னைவிட வயது அதிகம். தேய்ந்து வழவழப்பான மரப்பிடி. நகம் வைத்து இழுக்க அலகில் ஒரு சிறு பள்ளம். அலகு முழுதும் மழைமேகம்போல் கருநீலமாக இருக்கும். விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு. கயிறு அறுக்க, வேப்பங்குச்சி சீவ, வெள்ளரிப்பிஞ்சு நறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வேலை முடிந்ததும் வேட்டி முனையில் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவி மடக்குவார். தண்ணீரில் நனைய விடமாட்டார்.

அதை நான் கவனித்திருக்க வேண்டும். பெரம்பலூர் டவுனில் எவர்சில்வர் கத்திகளோடு வளர்ந்த எனக்குக் கறுப்பு என்றால் அழுக்கு. கல்யாணமாகி நாற்பது நாள் இருக்கும். உறவில் ஒரு விசேஷத்துக்காக அரியலூர் புறப்பட்ட மாமனார் கத்தியை மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் நான் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையோடு கத்தியையும் எடுத்துப் புளியும் சாம்பலுமாகத் தேய்த்துக் கழுவி, பளபளக்கவைத்து, ஈரத்தோடு மடக்கி மாடத்திலேயே வைத்தேன். பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

ஊரிலிருந்து திரும்பியவர் அதைப் பிரித்துப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டார். சனிக்கிழமை காலை, ஓடைக்கரையில் கட்டியிருந்த கிடேரிக் கன்று கால் சறுக்கிச் சரிவில் தொங்கியது. கழுத்துக் கயிறு கருவேல வேரில் முறுக்கிக்கொண்டது. ஓடிவந்த மாமனார் கத்தியை உருவி நகத்தை வைத்து இழுத்தார். திறக்கவில்லை. பல்லால் இழுத்தார். மூட்டில் துரு பிடித்திருந்தது. அரிவாள் எடுக்க என் கணவர் வீட்டுக்கு ஓடினார். அவர் வந்து கயிற்றை வெட்டியபோது கன்றின் கண்கள் நிலைகுத்திவிட்டன.

கூட்டம் சேர்ந்தது. பக்கத்துக் காட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இத்தன வருசமா இந்த வூட்ல ஒரு கன்னு இப்படிச் செத்ததில்ல. யாரு கால் வச்ச நேரமோ!” ராசி கெட்டவள் என்ற பெயர் விழுந்துவிட்டால் ஒரு புது மருமகளுக்கு அதன்பின் அந்த ஊரில் வேறு பெயர் கிடையாது. ஒருவழியாகக் கத்தியைப் பிரித்த மாமனார், வெளுத்துப்போன அலகையும் அதில் ஓடிய செந்துருவையும் பார்த்துவிட்டு, “யாரு இதத் தொட்டது?” என்றார்.

“நான்தான் மாமா” என்று முன்னால் வந்தார் என் கணவரின் அண்ணி. நான் அக்கா என்று அழைப்பவர். “கறுத்துக் கெடக்கேன்னு புளி போட்டுத் தேச்சுட்டேன்.”

மாமனார் அவரை நிமிர்ந்து பார்த்தார். “பன்னெண்டு வருசமா வராத சுத்தம் இப்பதான் வந்துச்சாக்கும்” என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “கத்தி துருப்புடிச்சிருக்கு, கன்னு போயிருச்சு. ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய் வேலயப் பாருங்க” என்றார். அவருக்கு உண்மை எவ்வளவு தெரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. மறுநாளிலிருந்து ஒரு வாரம், தினமும் ஒரு மாங்காயை அந்தக் கத்தியால் நறுக்கினார். புளிப்பு ஏற ஏற, துருவை அண்டவிடாத அந்தப் பழைய கருநீலம் அலகுக்குத் திரும்பியது. கீற்றுகளை எங்கள் இருவருக்கும்தான் கொடுத்தார். “மாமா கத்திக்குச் சாயம் ஏத்துறாரு, நமக்குப் பல்லு கூசுது” என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “அடி போடி. எனக்கு இந்த வூட்ல பன்னெண்டு வருசப் பேரு இருக்கு. ஒரு நாளுப் பேரு போனா மிச்சம் இருக்கும். நீ வந்தே நாப்பது நாளு. உனக்கு என்ன மிஞ்சும்?”

அந்தப் பழி ஒரு நாளோடு போகவில்லை. கன்று செத்த கதையைச் சொந்தத்தில் யார் எடுத்தாலும், “பெரியவ கத்தியத் தேச்சாளே” என்றுதான் இன்றும் தொடங்குகிறார்கள். அதைத் திருத்தும் துணிவு எனக்கு வரவே இல்லை. ராசியான மருமகள் என்ற பெயரோடு, குறையில்லாமல், என் காலம் முழுவதையும் அந்த வீட்டில் கழித்தேன். நான் அனுபவித்த அந்த மரியாதை இன்னொருத்தியுடையது. ஆகவே இங்கே எழுதுகிறேன்: கத்தியைத் தேய்த்தவள் நான்.

எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். “இப்ப எதுக்குடி இதெல்லாம்? கேக்குறதுக்கு யாரு இருக்கா?” என்றார். உண்மைதான். மாமனார் இல்லை, அவருடைய பிள்ளைகள் இருவரும் இல்லை. அன்று ஓடைக்கரையில் நின்றவர்களில் அக்காவும் நானும் இருக்கிறோம்.