அட்டை ஏற்றுமதியும் மச்சான் குடும்பமும்

காகித ஆலைகள் சங்கத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், அவர் வெகுகாலமாக ஒரே வேலையைச் செய்துவந்தார். நம் நாடு எவ்வளவு காகிதமும் அட்டையும் வெளிநாட்டுக்கு விற்றது, பக்கத்து நாடு எவ்வளவு விற்றது என்று காலாண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டு, ஒரே தாளில் இரண்டு கோடுகள் போட வேண்டும். சிவப்பு நம்முடையது, நீலம் அவர்களுடையது. நீலம் எப்போதும் மேலே. அலுவலகத்தில் அவர் பெயரே கோட்டுக்காரர் என்றாகிவிட்டது.

அவர் மனைவி பிறந்ததோ அந்தப் பக்கத்து நாட்டில். அவளுடைய அண்ணன் அங்கே இருப்பதிலேயே பெரிய அட்டை ஆலையில் மேஸ்திரி. கோட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாலே அவளுக்கு விஷயம் விளங்கிவிடும்.

“என்னங்க, உங்க கோடு இன்னும் எந்திரிக்கலையா?”

“எந்திரிக்கும், எந்திரிக்கும்.”

“எங்கண்ணன் வேலைய விடட்டும், அப்புறம் பாக்கலாம்.”

ஒரு காலாண்டில் அது எழுந்தேவிட்டது. சிவப்பு நீலத்தைத் தாண்டியது. செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கோட்டுக்காரர் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பெட்டிகள், மூட்டைகள், அவற்றின் மேல் மச்சான்.

“வாங்க மாப்ள” என்று மச்சானே வரவேற்றார். “மில்லுல பாய்லர் வெடிச்சு நாலு மாசமாச்சு. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணுமில்ல. போன மாசம் வரைக்கும் சும்மா உக்கார வச்சு சம்பளம் குடுத்தாங்க. இப்ப அதுவும் நின்னுபோச்சு. தங்கச்சிதான் இங்க வந்து இருன்னா.”

கோட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நம் கோடு ஏறவில்லை, அவர்கள் கோடு விழுந்திருக்கிறது. விழுந்தது நேராக அவர் கூடத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

மச்சான், மச்சான் மனைவி, மூன்று பிள்ளைகள். காலையில் குளியலறைக்கு வரிசை. கோட்டுக்காரருக்குப் படுக்கை சமையலறையில். மச்சானுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டிலிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் தட்டிப் பார்த்தார், ஓரத்தைக் கிழித்துப் பார்த்தார்.

“இது அட்டையா மாப்ள? வெங்காயத் தோலு இதவிடக் கெட்டி.”

“அந்த வெங்காயத் தோலுதான் இப்ப உங்கள முந்தியிருக்கு.”

“ஓடுறவன் கால் சுளுக்கி உக்காந்தா, நடந்து வர்றவனும் முந்தத்தான் செய்வான்!”

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்பு வந்தது. அவள் யார் கட்சி என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த காலாண்டிலும் சிவப்பே மேலே. அலுவலகம் கொண்டாடியது. கோட்டுக்காரர் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். மாலையில் வீடு திரும்பியதும், “பாய்லருக்கு இப்ப எப்படி இருக்கு மச்சான்?” என்று நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

ஒருநாள் காலையில் பாய்லர் பிழைத்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. வந்தபோது இருந்ததைவிடச் சாமான் பெருகியிருந்ததால், கட்டிக்கொண்டு போக மச்சானுக்குப் பெட்டி போதவில்லை. வேறு வழியில்லாமல் நம் ஊர் அட்டைப்பெட்டிகளில் சாமான்களை அடைத்து, கயிற்றால் இறுக்கினார். ஊர் சேர்ந்ததும் அழைத்தார்.

“ஒண்ணுகூடக் கிழியல மாப்ள.”

கோட்டுக்காரர் நெஞ்சு நிமிர்ந்தது.

“கயிறு நல்ல கயிறு.”

நீலம் மறுபடி மேலே ஏறிய அன்று, கோட்டுக்காரர் இனிப்புப் பெட்டியோடு ஒவ்வொரு மேஜையாகப் போனார். செயலாளர் திகைத்தார்.

“என்னய்யா இது, நம்ம கோடு கீழ போனதுக்கா இனிப்பு?”

“போகட்டும் சார். ஒரு குடும்பம் நல்லபடியா ஊர் போய்ச் சேந்துச்சு.”

செயலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு எடுத்துக்கொண்டார்.