விட்டுப்போன இரண்டு வரிகள்

நான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒலிநூல் பிரிவு ஒன்று இருக்கிறது. பழைய மாணவர்கள் வீட்டிலிருந்தே புத்தகங்களை வாசித்துக் கைபேசியில் பதிந்து அனுப்பலாம். மகள் பிறந்து ஆசிரியர் வேலையை விட்டபின், எம்.ஏ. தமிழ் படித்தது வீணாகிவிடுமோ என்ற பயத்தில் நானும் சேர்ந்தேன். எனக்கு ஒரு கவிதைத் தொகுப்பு கொடுத்தார்கள்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம். மணிச் சத்தம், வேன் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் ஓய்ந்து, கணவரும் கப்பலூர் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகுதான் வாசிக்க உட்காருவேன். ஒன்றரை வயது மகள் தரையில் விளையாடுவாள். ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். ஏதாவது சத்தம் விழுந்திருக்கிறதா என்று கேட்டேனே தவிர, புத்தகத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

நூலகத்தில் கவிதைத் தொகுப்புகளுக்காக ஒரு நாள் விழா எடுத்தார்கள். வாசித்துக் கொடுத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் போனேன். கீழ்த்தளத்தில் நீளமான மேசைகளில் தொகுப்புகளை அடுக்கியிருந்தார்கள். நான் வாசித்த புத்தகமும் இருந்தது. அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் அதே புத்தகத்திலிருந்து ஒரு கவிதையை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையற்ற முதலாண்டு மாணவி. அரை மணி நேரத்தில் மேடையில் சொல்லப் போகிறாள்.

அது ஒரு கண்மாயைப் பற்றிய கவிதை. நெடுநாள் வறண்டு கிடந்த கண்மாய்க்கு ஒரு காலை தண்ணீர் வரும். முடிவில் கரையில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அவள் சொல்லி முடித்தபோது தண்ணீர் வரவேயில்லை. பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர் வரும் அந்த இரண்டு வரிகளை அவள் சொல்லவில்லை.

பாவம், மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஓரமாகப் போய்க் கைபேசியைக் காதில் வைத்து என் பதிவைக் கேட்டேன். என் குரலும் அந்த வரிகளைத் தாண்டிப் போயிற்று. அதைப் பதிந்த அன்று மகள் எதையோ வாயில் போட, பதிவை நிறுத்திவிட்டு ஓடினேன். புளியங்கொட்டை. விரலை விட்டு எடுத்துவிட்டு, அவசரமாக வந்து உட்கார்ந்தவள் இரண்டு வரி தள்ளித் தொடங்கியிருக்கிறேன்.

சொன்னால் மேடையேறும் நேரத்தில் அவள் குழம்பிவிடுவாள். சொல்லாவிட்டால், முன்வரிசையில் உட்காரும் பேராசிரியர்களில் ஒருவருக்காவது அந்தக் கவிதை தெரிந்திருக்கும். அவள்தான் மறந்துவிட்டாள் என்று நினைப்பார்கள், நான் நினைத்ததைப் போலவே. அதை நினைத்ததும் அவளிடம் திரும்பிப் போனேன்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"அக்கா, நீங்கதானே புத்தகம் படிச்சது? குரலக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"நான்தான். அந்தக் கண்மாய் கவிதைல ரெண்டு வரிய விட்டுட்டேன். இப்பத்தான் பாத்தேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஏங்க்கா, ஒரு மாசமா மனப்பாடம் பண்ணியிருக்கேன். இப்ப வந்து சொல்றீங்க?"

புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவளே கேட்டாள். "சரி, அதுல என்ன வருது?"

"தண்ணி வருது."

"தண்ணி வருதா? இம்புட்டு நாளா வரலைன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! அப்ப அந்தச் செருப்பு?"

"பிள்ளைங்க குளிக்க எறங்கியிருக்காங்கம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊர விட்டே போயிட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. அழுகுற கொரல்ல பழகி வச்சிருக்கேன். நேத்து ஹாஸ்டல்ல சொல்லிக் காட்டுனப்ப ரெண்டு பேரு கண்ணத் தொடச்சாளுக!"

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "வேற கவிதை சொல்றியாம்மா?"

"அதெல்லாம் முடியாது. படிங்க."

படிக்கட்டுக்குக் கீழே நின்று அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏழெட்டு முறைக்குள் அவளுக்குப் பாடமாகிவிட்டது. குரலை மாற்றுவதுதான் சிரமமாக இருந்தது. பாதியில் பழைய சோகம் வந்துவிடும். "ச்சே, மறுபடி அழுகுறேன்" என்று தலையில் தட்டிக்கொள்வாள். அவள் தட்டும்போதெல்லாம் என் மகளும் தன் தலையில் தட்டிக்கொண்டாள். அதற்குள் மேடையிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கடைசி வரிசையில் நின்றேன். வறண்ட கண்மாயை அவள் சொல்லி முடித்து, அந்த இடம் வந்ததும் நின்றாள். அரை நொடி இருந்திருக்கும். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த அரை நொடிக்குள் எத்தனை முறை நினைத்தேனோ! பிறகு தண்ணீர் வந்தது. இரண்டு வரிகளையும் அவசரமில்லாமல் சொன்னாள். செருப்புகளைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவர்களும் சிரித்துக் கைதட்டினார்கள்.

இறங்கி வந்ததும் என்னைத்தான் தேடினாள். "அக்கா, எங்க ஹாஸ்டல்ல இன்னும் நாலு பேரு அதைக் கேட்டுருக்காளுக. அவளுகளுக்கும் தண்ணி வரணும்ல?"

ஒலிநூல் பிரிவின் சின்ன அறை காலியாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து என் மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, அந்தக் கவிதையை முதலிலிருந்து வாசித்தேன். முடித்ததும் பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மீதிக் கவிதைகளையும் அப்படியே பார்ப்பதற்காகப் புத்தகத்தை மறுபடி என் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.