மூன்று காலில் நடந்தவள்

விலங்கியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பு தூங்கி வழிந்தால் ஏதாவது ஓர் அதிசயத்தை எடுத்துவிடலாம். அழுங்குக்கு, அதாவது எறும்புத்தின்னிக்கு, வாயில் ஒரு பல்கூடக் கிடையாது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் செதிலும் நம் நகமும் ஒரே பொருளால் ஆனவை என்றால் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ‘முட்டைத் திருடி’ என்று பெயர் வாங்கிய டைனோசரின் கதையையும் சொல்வேன். முட்டைக் குவியலோடு அதன் எலும்புகள் கிடைத்ததால், வேறொன்றின் முட்டையைத் தின்ன வந்தது என்று முடிவு கட்டிப் பெயரும் வைத்துவிட்டார்கள். நான் படித்த காலத்திலும் அது திருடிதான். பல வருடங்கள் கழித்து, அந்த இனம் தன் சொந்த முட்டைகளின்மேல் அடைகாத்தபடியே மண் மூடிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதென்றால் படித்தவர்களுக்கு அவ்வளவு கஷ்டம்.

குரங்கைப் பற்றிய ஒரு விஷயத்தை மட்டும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. என்னால் முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். தலைப்பிரசவத்துக்கு அக்கா சிவகிரியிலிருந்து தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வலியில் பட்ட பாட்டில் பிள்ளை பிறந்ததே அவளுக்குத் தெரியாது. மயங்கிக் கிடந்தாள். பெண் குழந்தை. அன்றைக்கே போய்விட்டது. அக்கா கண் விழிப்பதற்குள் அப்பாவும் தாய்மாமாவும் அதைத் துண்டில் பொதிந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். முகத்தைப் பார்த்தால் பெற்றவளுக்கு மறக்காது, பார்க்காவிட்டால் மறந்துவிடும் என்று ஒரு கணக்கு. பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் உத்தரவு.

பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை அவள் மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு மணம். அதன்பிறகு அக்கா தலையில் மல்லிகை வைத்து நான் பார்த்ததில்லை.

அவள் பேச்சை விட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். நாட்கள் போகப் போக எங்களுக்குப் பயம் வந்தது. சிவகிரியிலிருந்து அவள் மாமியார், “புத்தி தெளிஞ்ச பொறவு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டார். தெளியாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

மனசு கலங்கியவர்களைக் குற்றாலத்தில் தங்கவைத்து, தலையில் எண்ணெய் வைத்து, அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வைத்தியம். சாரல் தொடங்கியதும் அம்மா ஒரு அறை பிடித்து அக்காவையும் என்னையும் கூட்டிப்போனாள். தினமும் காலையில் பேரருவியில் நிற்கவைப்போம். அக்கா நின்றாள். தலையில் அவ்வளவு தண்ணீர் விழுந்தும் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை.

குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு சிப்ஸ் கடை. அதன் ஓட்டுக்கூரையில் குரங்குக் கூட்டம். ஒருநாள் அதில் ஒரு தாய்க்குரங்கு கையில் எதையோ இடுக்கிக்கொண்டு இறங்கியது. செத்துப்போன குட்டி. காய்ந்து, முடி உதிர்ந்து, தோலாகிவிட்டிருந்தது. அதை மடியில் போட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

“பாக்காதட்டி, இங்கன வா” என்று அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை.

கடைக்காரர் கம்பை ஓங்கினார். “மூதி, செத்ததத் தூக்கிட்டு அலையுது. யாவாரம் நடந்தாப்லதான்.”

“அடிக்காதிய அண்ணாச்சி” என்றாள் அக்கா. “அது அவ பிள்ள. அவளே எறக்கி வைப்பா.”

எத்தனையோ வாரம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. கடைக்காரருக்கு என்ன தெரிந்ததோ, கம்பைக் கீழே போட்டுவிட்டார்.

குரங்குக்குச் சாவு தெரியாது, உயிரோடு இருப்பதாக நினைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிருள்ள குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். தாய் நாலு காலிலும் ஓடலாம், தாவலாம். செத்த குட்டிக்குப் பிடிக்கத் தெரியாது. அதனால் தாய் ஒரு கையை அதற்கென்றே கொடுத்துவிட்டு மூன்று காலில் நொண்டி நடக்கிறது. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாதா? நாங்கள் பார்த்த அந்தக் கூட்டத்தில் எந்தக் குரங்கும் அதனிடமிருந்து குட்டியைப் பிடுங்கவில்லை. அது மெதுவாக வந்தால் மற்றவை காத்திருந்தன.

அக்கா தினமும் அங்கே போய் உட்கார்ந்தாள். அருவிக்கு வர மறுத்தாலும் அங்கே போவதை மறக்கவில்லை. அம்மா தடுத்துப் பார்த்து ஓய்ந்துபோய், பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு காலை அந்தக் குரங்கு வெறுங்கையோடு வந்தது. நாலு காலில் நடந்து வந்து, யாரோ போட்ட வாழைப்பழத்தை எடுத்துத் தின்றது. எங்கே வைத்தது, எப்போது வைத்தது என்று தெரியவில்லை.

அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா” என்றாள். “எங்கிட்டயும் ஒரு நாளு குடுத்திருக்கலாம்லா?”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“யாரு சாடைல இருந்தா? அதயாவது சொல்லேன்.”

சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்களையெல்லாம் அதட்டி வைத்திருந்ததே அம்மாதான்.

“உன்ன உரிச்சு வச்சாப்ல இருந்தாட்டி” என்றாள் அம்மா. “தல நெறைய முடி. நாந்தான் தொடச்சு எடுத்தேன். வெரலு நீள நீளமா இருந்துச்சு.”

“அழுதாளா?”

“ஒரே ஒரு தடவ அழுதா.”

அக்காவின் முகம் கோணியது. பிள்ளை போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

“எனக்குக் கேக்கலியேம்மா” என்றாள்.